ஒற்றைப் பூட்ஸோடு பனிமலையில் நின்றவனைக் கருப்பன் கரை சேர்த்தான்

வலது காலில் ரப்பர் பூட்ஸ். இடது காலில் குரங்குக் குல்லா. தலையில் மாட்டுகிறோமே, அதே குல்லாதான். மேலே பார்த்தால் வெள்ளை, கீழே பார்த்தால் வெள்ளை, வாயைத் திறந்தால் வாய்க்குள்ளும் வெள்ளை வந்து விழுந்தது. பனி! பக்கத்தில் என் மனைவி பஞ்சவர்ணம் பேசாமல் நின்றாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவள் பேசாமல் நின்று நான் பார்த்ததே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சரி, நம்ம கதை முடிந்தது.

பேரையூர்க் கண்மாய்க் கரையில் குடியிருக்கும் நம் கருப்பசாமியின் பங்காளிகளே, மாமன் மச்சான்மாரே, கட்டிக்கொடுத்துப் போன அக்கா தங்கச்சிகளே! போன வருடம் தை மாதம், பொங்கல் கழிந்த மறுவாரம், ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் ஊருக்குள் இதை ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிகிறீர்கள். ஒருத்தர் என்னைக் கரடி துரத்தியது என்கிறார். இன்னொருத்தர் நான் கரடியைத் துரத்தினேன் என்கிறார். இரண்டாவது கதை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் சாமி விஷயத்தில் பொய் ஆகாது.

புதிதாக நம் வீடுகளுக்கு வந்த மருமக்களுக்காக ஒரு வார்த்தை. ஆனையூரில் மைக் செட் வைத்திருக்கும் செல்லப்பாண்டி நான்தான். காதுகுத்தோ, சடங்கோ, கோயில் திருவிழாவோ, உங்கள் வீட்டு விசேஷத்தில் காது அடைத்துப்போனது என்றால் அதற்குக் காரணம் நான். சாமி கும்பிடுவதில் நான் எப்படி என்பது எல்லாருக்கும் தெரியும். கருப்பன் சன்னதியில் நின்ற நேரத்தைவிடக் கறிச்சோற்றுப் பந்தியில் உட்கார்ந்த நேரம்தான் அதிகம். பூசாரி திருநீறு கொடுக்கும்போதும் ஏதாவது கிண்டல் பேசி அவரைச் சிரிக்கவைத்துவிடுவேன். பயம் என்றால் என்னவென்று தெரியாதவன் என்று நானே சொல்லிக்கொள்வேன். மைக் கையில் இருக்கிறவன் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம்.

எங்களுக்கு ஒரே மகள், கார்த்திகா. தேர்வெழுதி வங்கி வேலை வாங்கினாள். மதுரையில் எத்தனையோ கிளை இருக்க, தூக்கிக்கொண்டுபோய் இமாச்சலத்தில் ஒரு சின்ன மலை ஊரில் போட்டார்கள். பிள்ளை தனியாகக் கிடக்கிறாளே என்று பார்க்கப் போனோம். ரயில், பஸ், ஜீப் என்று மாறி மாறிப் போய் இறங்கினால் ஊரே வெள்ளையடித்துக் கிடக்கிறது! பஞ்சவர்ணம் பனியைக் கையில் அள்ளி, முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஏங்க, நம்ம ஃப்ரிட்ஜச் சொரண்டிக் கீழ கொட்டுவேனே, அதேதாங்க இது. இதப் பாக்கவா இம்புட்டுத் தொலவு வந்தோம்?"

சொன்னாளே தவிர, சாயங்காலம் வரை அதை விட்டுக் கையை எடுக்கவில்லை.

கார்த்திகா தினமும் வேலைக்குக் கிளம்பும்போது ஒரே ஒரு கட்டளை போடுவாள். "அப்பா, கடைத்தெருவத் தாண்டிப் போகக்கூடாது. அம்மா, நீதான் பொறுப்பு." மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள் காலை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். வீட்டுக்குப் பின்னால் மலை. மலையின் தோளில் ஒரு சிவப்புக் கொடி. கொடிக்குப் பக்கத்தில் சூலம் மாதிரி ஏதோ தெரிகிறது.

"ஏய் பஞ்சு, அங்க பாரு, நம்ம கருப்பன் கோயில் மாதிரியே இருக்கு. ஒரு எட்டுப் போயிக் கும்பிட்டு வந்துருவோமா?"

"கார்த்தி வைவாங்க."

"அவ வாரதுக்குள்ள வந்துருவோம். அழகர்மலையில நூபுரகங்கை வரைக்கும் ஏறுனவன்டி நான்."

"பஸ்லதான ஏறுனீங்க?"

இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லக்கூடாது. கிளம்பிவிட வேண்டும். கிளம்பினோம். மகளுக்கு வீடு வாடகைக்கு விட்டவரின் ரப்பர் பூட்ஸ் வாசலில் இருந்தது. அவர் ஆறடி ஆள். என் கால் அதற்குள் கிணற்றுக்குள் போட்ட வாளி மாதிரி ஆடியது. இரண்டு சாக்ஸ் போட்டு நிரப்பிக்கொண்டேன். பஞ்சவர்ணம் சேலைக்குள் மகளின் பேண்ட், அதற்குமேல் கம்பளிக்கோட்டு, காலில் மகளின் பூட்ஸ். கையில் ஒரு மஞ்சப்பை. அதில் சூடம், தீப்பெட்டி, இரண்டு வாழைப்பழம்.

வீட்டுக்குப் பின்னாலிருந்து மேலே போகிறது ஒரு பழைய ஒற்றையடிப்பாதை. வெயில் காலத்தில் ஆடு மாடு ஓட்டிப் போவார்களாம். அந்தக் குளிரில் அதில் ஒரு காலடித் தடம் கூட இல்லை. டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் குறுக்கே ஆட்டி ஏதோ சத்தம் போட்டார். நானும் கையை ஆட்டி டாட்டா காட்டினேன். யாருமே நடக்காத பாதையில் ஏன் யாருமே நடக்கவில்லை என்று நான் ஒரு நொடி யோசித்திருக்கலாம். அந்த நொடி எனக்கு வரவில்லை.

ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும் இல்லையா? போகும்போது அப்படி ஒரு சந்தோஷம்! முழங்கால் வரை பனி. தேவதாரு மரங்களில் பஞ்சு மூட்டையைப் பிரித்துக் கொட்டினாற்போல் பனி. வெயில் வேறு அடித்தது. பஞ்சவர்ணம் பின்னாலிருந்து பனியை உருட்டி என் பிடரியில் எறிந்தாள். கோட்டுக்குள் போய் முதுகில் இறங்கியது. நான் குதித்த குதியைப் பார்த்து அவள் சிரித்துச் சிரித்து உட்கார்ந்தே விட்டாள். கல்யாணமான புதிதில் கூட அவள் அப்படிச் சிரித்ததில்லை. அப்போது கூட்டுக்குடும்பம்.

இரண்டரை மணி நேரம் ஏறி மேலே போய்ச் சேர்ந்தோம். எனக்குப் புல்லரித்துவிட்டது. பலகைக்கல் கூரை போட்ட குட்டிக் கோயில். முன்னால் ஏழெட்டுச் சூலங்கள் நட்டிருக்கிறார்கள். கயிற்றில் வரிசையாக மணிகள். சிவப்புத் துணி. கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருந்தது. கோயிலுக்கு இருபதடி முன்னால் ஒரு கல், அப்படியே நம் எல்லைக்கல் மாதிரி!

நம் கருப்பன் எல்லைக்குள் செருப்புக்கால் படக்கூடாது. பிள்ளைக்குப் பேச்சு வருமுன்பே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். கண்மாய்க் கரைக் கல்லைக் கண்டதும் நம் மூளை யோசிக்காது, கால் தானாகக் கழற்றும். மலைமேல் அந்தக் கல்லைக் கண்டதும் என் கால் அதைத்தான் செய்தது.

"ஏங்க, என்ன பண்றீங்க? இது ஐஸுங்க!"

"சாமி எல்லையில பூட்ஸோட நிக்கச் சொல்றியா? இதான் ஒங்க அப்பன் வீட்டுப் பழக்கமா?"

அவள் அப்பன் வீட்டை இழுத்துவிட்டால் போதும், பஞ்சவர்ணம் எதையும் செய்வாள். வெடுக்கென்று அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பூட்ஸையும் கழற்றினாள். கழற்றிப் பனியில் குத்திட்டு நிறுத்தினாள். பெண்களுக்கு எங்கிருந்து அந்த அறிவு வருகிறதோ. நான் என்ன செய்தேன்? கோயில் வாசலில் ஆண்கள் செய்வோமே, குனியாமல், நின்றபடியே, வலதை ஒரு உதறு, இடதை ஒரு உதறு. வலது பூட்ஸ் கல்லடியில் விழுந்தது. இடது பூட்ஸ் சரிவில் விழுந்தது. விழுந்ததா, சறுக்கியது. சர்ர்ர்ரென்று, பள்ளிக்கூடப் பிள்ளை சறுக்குமரத்தில் போகிற சந்தோஷத்தோடு போய், விளிம்பைத் தாண்டி, காணாமல் போனது.

பிடிக்கிறேன் என்று பாய்ந்தேன். நானும் உட்கார்ந்த வாக்கில் பத்தடி போனேன். பஞ்சவர்ணம் படுத்து, சேலை முந்தானையை வீசி, என்னை இழுத்து மேலே ஏற்றினாள். அப்போதும் என் திமிர் அடங்கவில்லை. "வந்தது வந்துட்டோம், கும்பிட்டுட்டே போவோம்" என்று சொல்லி, நனைந்த சாக்ஸோடு கோயிலை மூன்று சுற்றுச் சுற்றினேன். முதல் சுற்றில் கால் எரிந்தது. இரண்டாம் சுற்றில் குத்தியது. மூன்றாம் சுற்றில் அது யாருடைய கால் என்றே தெரியவில்லை.

சூடம் பற்றவில்லை. காற்று. திரும்பிப் பார்த்தால் வந்த வெயிலைக் காணோம். அடிவாரத்திலிருந்து மூடுபனி ஏறி வருகிறது. பத்து நிமிடத்தில் பனி கொட்ட ஆரம்பித்தது.

இப்படித்தான் மஞ்சப்பைக்குள் இடது காலை நுழைத்து, அதற்குமேல் குரங்குக் குல்லாவை மாட்டி இறங்கினேன். நாங்கள் ஏறி வந்த தடம் முழுக்க மூடிவிட்டது. இரண்டு பேர் போனிலும் சிக்னல் இல்லை. என் போன் குளிரில் அணைந்தே போய்விட்டது. ஓர் இடத்தில் வழி இரண்டாகப் பிரிந்தது.

"வரும்போது இந்த மொட்டை மரத்தப் பாக்கலையேங்க."

"மரம்லாம் ஒன்னு மாதிரித்தான் இருக்கும். வலது பக்கந்தான். எனக்குத் தெரியும்."

எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கம்.

மூன்று முறை விழுந்தேன். நான்காம் முறை விழுந்தபோது இடது கால் வலிக்கவில்லை. வலிக்கவில்லை என்றதும்தான் பயம் வந்தது. என்ன பயம் தெரியுமா? மைக் செட் ஷார்ட் ஆனால் ஒரு சத்தம் வருமே, கீய்ங்ங் என்று, அது தலைக்குள் கேட்டது. "ஹெல்ப்! ஹெல்ப்!" என்று கத்தினேன். பிறகு டி.வி. இந்திப் படத்தில் எங்கோ கேட்ட "பச்சாவ்! பச்சாவ்!" என்று கத்தினேன். பிறகு தமிழில், "யாராச்சும் வாங்கய்யா!" கொட்டுகிற பனியில் சத்தம் பஞ்சுமெத்தைக்குள் குத்துவிட்டமாதிரி அப்படியே அமுங்கிப் போகிறது. நாற்பதடிக்கு அந்தப் பக்கம் என் குரல் போயிருக்காது. ஊரையே அலறவைத்தவன் நான். அங்கே தொண்டை கட்டி வெறும் காற்றுதான் வந்தது.

பஞ்சவர்ணத்திடம் வீரமாகச் சொன்னேன். "நீ போ. நீயாச்சும் போயி ஆளக் கூட்டிட்டு வா. எனக்காகப் பாக்காத."

அவள் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். சரி என்று திரும்பி நான்கு எட்டு வைத்தாள். அவ்வளவுதான்.

"அய்யோ பஞ்சு! எங்க போற! விட்டுட்டுப் போகாதடி!"

திரும்பி வந்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தன் கோட்டைத் திறந்து என் கையை உள்ளே வைத்துக்கொண்டாள். அவள் உதடு நீலமாக இருந்தது. பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. அப்போதுதான் நான் முதன்முதலாக என் காலை விட்டுவிட்டு அவளைப் பார்த்தேன். குளிரில் அவள்தான் என்னைவிட மோசமாக இருந்தாள். தன் தலைத்துண்டை எப்போதோ அவிழ்த்து என் தலையில் கட்டியிருக்கிறாள். எனக்கு அதுகூடத் தெரியவில்லை.

அந்த இடத்தில் மண்டியிட்டேன். கும்பிட ஆரம்பித்தேன். என்ன கும்பிடு அது! கேவலம், கேட்காதீர்கள். "கருப்பா, ஒரு சேவ அறுக்குறேன். கருப்பா, சேவ இல்ல, கிடா. கருத்த கிடா. ரெண்டு கிடா. வெண்கல மணி. அரிவாள் செஞ்சு நடுறேன், ஆறடியில... ஒம்பதடியில..."

"ஏங்க, சாமிகிட்ட ஏலமா விடுறீங்க? இருக்கோம்னு சொல்லிக் கூப்புடுங்க. போதும்."

ஏலத்தை நிறுத்தினேன். எனக்குக் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. கிடாவும் மணியும் எங்கே இருக்கின்றன? மூவாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். என் கையில் இருந்தது அவள் கை ஒன்றுதான். கண்ணீர் கன்னத்திலேயே உறைகிறது. இருந்த மூச்சையெல்லாம் கூட்டி ஒரே ஒரு வேண்டுதல் வைத்தேன். ஆயுசில் நான் கிண்டல் கலக்காமல் வைத்த முதல் வேண்டுதல் அதுதான்.

"கருப்பா! இவ எம் பேச்சக் கேட்டு வந்தவப்பா. என்னை என்னமும் பண்ணிக்க. இவள மட்டும் எம்மககிட்டக் கொண்டுபோய்ச் சேத்துரு. கருப்பா!"

கண்மாய்க் கரையில் ஆம்பிளை ஒருத்தன் வாய்விட்டுக் "கருப்பா!" என்று கூப்பிட்டால் அடுத்த நொடி என்ன நடக்கும்? உங்களுக்குத் தெரியும். பின்னால் நிற்கிற பெண்கள் அத்தனை பேரும் குலவை போடுவார்கள். யாரும் சொல்லிப் போடுவதில்லை. பஞ்சவர்ணமும் போட்டாள்! பல் கிடுகிடுக்க, நீல உதட்டுக்குள் நாக்கைச் சுழற்றி, ஒரு குலவை! என் காதுக்குள் கத்தியை விட்டாற்போல் இருந்தது. மூச்சு வாங்கி இரண்டாவது. மூன்றாவது. நான் கத்தியதெல்லாம் பனிக்குள் அமுங்கிப்போனதே, இது அமுங்கவில்லை ஐயா! கூர்மையாகப் போய் எதிர்மலையில் இடித்துத் திரும்பி வந்தது. மலையே குலவை போட்டது. நான் அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தேன்.

கீழேயிருந்து ஒரு நாய் குரைத்தது.

"இன்னொன்னு போடு பஞ்சு! போடு! போடு!"

போட்டாள். நாய் மறுபடி குரைத்தது. இப்போது பக்கத்தில். மூடுபனிக்குள் கருப்பாக ஓர் உருவம். பக்கத்தில் இன்னொன்று. முன்னால் ஒரு கரிய நாய். இரண்டு உருவத்தின் கையிலும் அரிவாள்!

பங்காளிகளே, நீங்களாக இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? அரிவாள், நாய், கருத்த உருவம். "அப்பா! வந்துட்டியாப்பா!" என்று நெடுஞ்சாண்கிடையாகப் பனியில் விழுந்து காலைப் பிடித்துவிட்டேன். பிடித்த கால் பதறிப் பின்வாங்கியது.

"எந்திரிங்க, எந்திரிங்க. பொம்பளையாளுக. பயந்துக்கிட்டு நிக்கிறாக" என்று பஞ்சவர்ணம் என் தோளைப் பிடித்து இழுத்தாள்.

அவர்கள் அந்த ஊர்ப் பெண்கள். அண்ணன் தம்பியைக் கட்டிய ஓரகத்திகள் என்று பிறகு தெரிந்தது. மாட்டுக்கு வேண்டிய காய்ந்த புல்லை மலையில் ஒரு கொட்டகையில் சேர்த்துவைத்திருப்பார்கள். அதை எடுத்துக்கொண்டு இறங்கும் வழியில் இந்தச் சத்தம் கேட்டிருக்கிறது. ஏதோ மிருகம் என்று நினைத்து, ஊருக்குள் இறங்கிவிடக்கூடாதே என்று விரட்ட வந்தார்களாம்! பஞ்சவர்ணத்திடம் இதை இன்றுவரை நான் மெதுவாகத்தான் சொல்கிறேன்.

மூத்தவள் என் குரங்குக் குல்லாக் காலைப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். "பைட்டோ, பைட்டோ" என்று தோளை அழுத்தி உட்காரவைத்தாள். நனைந்த சாக்ஸை உருவி எறிந்துவிட்டு, என் பாதத்தைத் தன் கம்பளிக்குள், தன் வயிற்றோடு அணைத்து வைத்துக்கொண்டாள். முன்பின் தெரியாத ஒருத்தனின் காலை! பிறகு முதுகுக் கட்டிலிருந்து காய்ந்த புல்லை உருவி, காலைச் சுற்றிப் பொதித்து, சாக்குத்துணியால் மூடிக் கயிற்றால் கட்டினாள். ஒரு பக்கம் மனுசன், ஒரு பக்கம் வைக்கோல்போர். இளையவள் தன் கம்பளியைப் பஞ்சவர்ணத்துக்குப் போர்த்திவிட்டாள்.

நான் வலது பக்கம் என்று கையைக் காட்டினேன். மூத்தவள் என்னை இழுத்து நிறுத்தினாள். நாங்கள் போய்க்கொண்டிருந்த திசையில் பத்தடி முன்னால் போய், ஊன்றி வந்த கோலால் பனியில் ஒரு குத்துக் குத்தினாள். பொதுக்கென்று ஒரு கட்டில் அகலத்துக்குப் பனி உள்ளே விழுந்தது. அடியில் ஒன்றும் இல்லை. பள்ளம். எவ்வளவு ஆழம் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. சத்தம் வரும் என்று காத்திருந்தேன், வரவே இல்லை. நான் மண்டியிட்ட இடத்துக்கும் அதற்கும் இடையே ஐந்தாறு எட்டு இருந்தால் அதிகம். அந்த இடத்தில் கும்பிட உட்காராமல், "எனக்குத் தெரியும்" என்று இன்னும் கொஞ்சம் நடந்திருந்தால் நாங்கள் இல்லை.

அவர்கள் தோளைப் பிடித்து இறங்கினோம். பாதி வழியில் இளையவள் பஞ்சவர்ணத்தின் வாயைக் காட்டி அந்தச் சத்தத்தைப் போடச் சொன்னாள். இவள் போட்டாள். அவள் போட்டுப் பார்த்தாள். காற்றுதான் வந்தது. மூன்று பெண்களும் சிரிக்கிறார்கள்! நான் மட்டும் "சிரிக்காதீங்க, வழுக்கிரும்" என்று முனகிக்கொண்டே வந்தேன்.

அவர்கள் வீட்டு அடுப்படியில் சூடாக டீ குடித்துக்கொண்டிருக்கும்போது கார்த்திகா ஓடிவந்தாள். டீக்கடைக்காரர் வங்கிக்கே போய்ச் சொல்லியிருக்கிறார். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எதுக்குப்பா பூட்ஸக் கழட்டுனீங்க?"

"சாமி எல்லைம்மா..."

"அப்பா! குளிர் காலத்துல அந்தக் கோயில்ல சாமியே இருக்காதுப்பா! பனி விழுகுறதுக்கு முன்னாடியே சாமியக் கீழ தூக்கிட்டு வந்துருவாங்க. இந்தா, பக்கத்து வீட்லதான் இருக்கு!"

எட்டிப் பார்த்தேன். உண்மைதான். பக்கத்து மர வீட்டுக்குள் விளக்கு வைத்து, கம்பளி போர்த்தி, சாமி கதகதப்பாக உட்கார்ந்திருக்கிறது. சாமியே குளிர் தாங்காமல் இறங்கி வந்துவிட்டது. ஆனையூர் செல்லப்பாண்டி மேலே ஏறிப்போய், பூட்டிய வீட்டைச் செருப்பில்லாமல் மூன்று சுற்றுச் சுற்றியிருக்கிறான்! அடுப்படியில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. நிற்கவில்லை. ஏனென்றால் ஒன்று புரிந்துவிட்டது. ஆள் இல்லாத மலையில், சாமியும் இல்லாத கோயிலுக்குக் கீழே நின்றுதான் நான் கூப்பிட்டிருக்கிறேன். அங்கேயும் ஒருத்தன் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். கண்மாய்க் கரையை விட்டு அவன் எப்போது கிளம்பினான், எந்த ரயிலில் வந்தான், எனக்குத் தெரியாது. கேட்டான். அதை நான் எந்தக் கோயிலிலும் சூடத்தை அணைத்துச் சொல்வேன்.

மலை ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் என் இடது கால் விரல்களைத் தட்டித் தட்டிப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் விரல்களை எடுக்கவேண்டி வந்திருக்கும் என்றார். தோல் உரிந்து புதுத்தோல் வந்தது. சுண்டுவிரல் மட்டும் இன்றைக்கும் மரத்துத்தான் இருக்கிறது. பஞ்சவர்ணத்துக்கு ஒரு சளிகூடப் பிடிக்கவில்லை. நான் கேட்டது அதைத்தானே? கேட்டதை முழுசாகக் கொடுத்து, கேட்காத என்னையும் சேர்த்துக் கொடுத்தான் கருப்பன்.

போன சிவராத்திரிக்கு மறுநாள் இரண்டு கிடா, ஒரு மணி, ஒரு ஆறடி அரிவாள் எல்லாம் செலுத்தினேன். பஞ்சவர்ணம் சாட்சி சொன்னதால் ஒன்பதடி அரிவாளும் போன மாதம் நட்டாயிற்று. அந்த ஓரகத்திகளுக்குக் கார்த்திகா லீவு முடிந்து போகும்போதெல்லாம் ஒரு டப்பா முறுக்கு போகிறது. பிறந்த வீட்டுச் சீர் மாதிரி.

நான் மாறிவிட்டேனா என்று கேட்கிறீர்கள். கிண்டல் போகவில்லை, அது கட்டையோடுதான் போகும். ஆனால் ஒன்று சொல்கிறேன். முப்பது வருடமாகத் திருவிழாவில் பெண்கள் குலவை போடும்போது பாட்டை ஏற்றி வைத்து அதை அமுக்கியவன் நான். "அண்ணே, கொஞ்சம் கொறைங்கண்ணே" என்று எத்தனை தங்கச்சிகள் கேட்டிருக்கிறீர்கள்! காதில் வாங்கினேனா? இப்போது பூசை நேரத்தில் என் செட்டில் ஒரு ஒயர்கூட உயிரோடு இருக்காது. அணைத்துவிட்டு, ஓரமாக, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். பந்திக்குக் கடைசி ஆளாகத்தான் போகிறேன். சந்தேகமாக இருந்தால் சமையல்காரரைக் கேளுங்கள். காலையில் கடையைத் திறக்குமுன் அவன் பெயரைச் சொல்லி ஒரு நிமிடம் நிற்கிறேன். ஒன்றும் கேட்பதில்லை. இருக்கோம் என்று சொல்கிறேன், அவ்வளவுதான். அவளிடமும் "எனக்குத் தெரியாது, நீ சொல்லு" என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். இது மலை ஏறுவதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

இதைப் படிக்கிற உங்களில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர் இருக்கலாம். பிள்ளை போன் எடுக்கவில்லையே என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவர் இருக்கலாம். நேர்ந்துகொள்ள ஒன்றும் இல்லையே, கும்பிடவும் ஒழுங்காகத் தெரியாதே என்று தயங்காதீர்கள். எனக்கு என்ன தெரிந்தது? பயந்து நடுங்கினேன், உளறினேன், சாமியிடம் ஏலம் விட்டேன், மனைவியைப் போகச் சொல்லிவிட்டுப் போகாதே என்று அலறினேன். அப்படிப்பட்டவன் கூப்பிட்டதற்கே வந்தான். நீங்கள் கூப்பிட்டால் வரமாட்டானா? கூப்பிடுங்கள். நாக்குக் குழறினாலும் கூப்பிடுங்கள். பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு கூப்பிடுங்கள். நான் கூப்பிட்டேன். இந்தா, ஆனையூரில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். "எழுதுனது போதும், சோறு ஆறுது, வாங்க" என்று அடுப்படியிலிருந்து ஒருத்தி சத்தம் போடுகிறாள். வாரேன் தாயி.